பெயர் அறியாத பூ: ஜெராய் மலையும் நம் மொழியும்

நீலகிரியிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரை அண்மையில் குனோங் ஜெராய்க்கு அழைத்துச் சென்றோம். அவர் பள்ளி ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் சரிவுகளில் வளர்ந்தவர். குருணிலிருந்து மலையேறும் வழியில் ஊதாநிறப் பூ ஒன்றைக் காட்டி, "இதற்கு இங்குள்ள தமிழர் என்ன பெயர் சொல்வார்கள்?" என்று வினவினார். அப்பூவைப் பிள்ளைப் பருவம் முதலே நாம் அறிவோம். அதன் கனியைத் தின்று, நாக்கும் உதடும் கறுக்க வீடு திரும்பி, ஏச்சு வாங்கியிருக்கிறோம். ஆயினும் "செண்டுடோக்" என்னும் மலாய்ப் பெயரைத் தவிர வேறொன்றும் நம் வாயில் வரவில்லை. அந்த ஒரு வினாவே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

மலையும் ஆறும்

ஜெராய் 1,217 மீட்டர் உயரமுடையது. மலைத்தொடர் எதனோடும் சேராமல், கெடாவின் கடற்கரைச் சமவெளியில் தனித்து நிற்பது. ஆதலால் பழங்காலத்தில் மலாக்கா நீரிணையில் கலஞ்செலுத்தியோர்க்கு இது தொலைவிலேயே தெரியும் நில அடையாளமாக விளங்கியது. மலையின் தெற்கே புஜாங் பள்ளத்தாக்கு. அதன் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கடல் சேர்வது மெர்போக் ஆறு. மலையைக் கண்டு திசையறிந்த மரக்கலங்கள் ஆற்றின் வழியே உள்ளே வந்தன. கடாரத்தின் வாணிகம் இவ்விரண்டையும் சார்ந்தே வளர்ந்தது.

பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டையொட்டிய கடற்படையெடுப்பின்பின் இராசேந்திர சோழன் கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றான். 1930களில் குவாரிச் வேல்ஸ் இப்பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்களை அகழ்ந்தார். 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வுகள் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களையும், செங்கல்லாலான படகுத்துறைகளையும் வெளிக்கொணர்ந்தன.

மலையடிவாரத்தில், ஓடையருகே, கருங்கல் அடித்தளத்தோடு நிற்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. அங்கே நண்பர் அப்பெயரின் பொருளைக் கேட்டார். புக்கிட் என்றால் குன்று. பத்து என்றால் கல். பகாட் என்றால் உளி. உளியால் செதுக்கிய கல்லுள்ள குன்று என்று விளக்கினோம். கட்டியவர்களின் பெயரும் அவர்கள் இதற்கு இட்ட பெயரும் மறைந்துபோயின; பிற்காலத்தார் கண்ணாற் கண்டதைக் கொண்டு புதுப்பெயர் இட்டார்கள். குருண் என்பதற்கும் மலாய்மொழியில் பாலைவனம் என்றே பொருள் என்றபோது, சுற்றிலுமிருந்த பசுமையைப் பார்த்து நண்பர் சிரித்தார்.

நான்கு திணைகள், ஒரு பெயரில்லா நிலம்

மலைமேலிருந்து நோக்கினால் நம் இலக்கணம் வகுத்த நானிலமும் ஒருங்கே தெரிகின்றன. நின்ற இடம் குறிஞ்சி. கீழே காடு முல்லை. வடக்கே மூடா நீர்ப்பாசனத்தில் விரிந்த நெல்வயல்கள் மருதம். மேற்கே கடல் நெய்தல். நிலத்துக்குப் பூவின் பெயரையே இட்டவர் நம் முன்னோர். ஜெராயில் நீலக்குறிஞ்சி இல்லை. ஆயினும் மலையைக் குறிஞ்சி என்று காணும் பார்வை கடல் கடந்து நம்மோடு வந்திருக்கிறது.

ஆனால் கிழக்கே தெரிந்த தோட்டங்கள் எத்திணையில் அடங்கும்? காடழித்து நிரைநிரையாக நட்ட அந்நிலத்துக்குப் பழம்பெயர் இல்லை. அதற்குப் பெயர்களைத் தந்தோர் புலவர் அல்லர், பால்வெட்டுத் தொழிலாளர். பால்மரம், மங்கு, வெட்டு, நிரை, லயம் என்று ஒரு நிலத்துக்கு வேண்டிய சொற்களையெல்லாம் அவர்கள் ஆக்கியும் பொருள் மாற்றியும் வழங்கினார்கள். இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பால்மரம் சிறுசிறு மஞ்சட்பூக்கள் பூப்பதையும், முற்றிய காய் வெயிலில் வெடித்துக் கொட்டை தெறிப்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தார்கள். மங்கு என்ற சொல்லை இன்று எத்தனை மாணவர் அறிவர்?

பெயர் வரும் வழிகள்

புதிய மண்ணில் ஒரு மொழி மூன்று வழிகளில் பெயர் பெறுகிறது.

முதலாவது, பழைய பெயரைக் கொண்டுவருதல். தேசிய மலரான பூங்கா ராயாவை நம் பாட்டிமார் செம்பருத்தி என்றே அழைத்தனர். அமெரிக்காவிலிருந்து இரு நாடுகளுக்கும் பரவிய தொட்டாற்சிணுங்கியும் அப்படியே. மலாய்க்காரர் அதனைச் செமாலு என்பர். மாலு என்றால் நாணம். ஒரே செடியைத் தொட்டுப் பார்த்து ஒருவர் சிணுங்கல் என்றார். மற்றவர் நாணம் என்றார்.

இரண்டாவது, அண்டை மொழியிலிருந்து ஏற்றல். டுரியானும் ரம்புத்தானும் அவ்வாறு வந்தவை. இதில் தாழ்வு ஒன்றுமில்லை.

மூன்றாவது, பார்த்துப் பெயரிடுதல். மலையுச்சிப் பக்கம் நண்பர் ஒரு கொடியில் தொங்கிய குடுவையைக் கண்டு, விந்தையான பூ என்றார். அது பூவன்று, இலைநுனியின் திரிபு. உச்சியின் குவார்ட்சைட் பாறைமேல் மண் மெல்லியது, தழைச்சத்து குறைந்தது. அக்குறையை ஈடுசெய்யவே செடி பூச்சிகளைக் குடுவையில் வீழ்த்திச் செரிக்கிறது. இவ்வினம் தமிழகத்து மலைகளில் இயல்பாக வளர்வதில்லை. ஆதலால் பழம்பெயர் வாய்க்கவில்லை. மலாய்க்காரர் குரங்கின் பானை என்று பொருள்பட பெரியோக் கெரா என்பர். பாடநூல்கள் குடுவைத் தாவரம் என்கின்றன. இரண்டும் கண்டு இட்ட பெயர்களே.

செண்டுடோக்கின் அறிவியற்பெயரும் இவ்வழியில் வந்ததே. மெலாஸ்டோமா என்ற கிரேக்கச் சொற்சேர்க்கைக்குக் கரிய வாய் என்று பொருள். நாம் ஏச்சு வாங்கிய அதே காரணம் அறிஞர் ஏட்டில் பெயராக நின்றுவிட்டது. நம் மொழியில் வெறும் நினைவாகவே தங்கிவிட்டது.

மாணவர் செய்யத்தக்கது

இறங்கி வந்தபின், பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவரிடம் அப்பூவைக் காட்டினோம். "பேரு யாருய்யா கேட்டா? வெட்டுக்காயம் பட்டா எலையக் கசக்கி வைப்போம்" என்றார். பெயரில்லாமலும் அறிவு வாழ்ந்திருக்கிறது. ஆனால் பெயரில்லாத அறிவைப் பேரனுக்கு ஏட்டிலெழுதிக் கொடுக்க இயலாது. செடியருகே நின்று விரல்சுட்டியே காட்ட வேண்டும். விரல்சுட்டுவோர் குறைந்து வருகின்றனர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டைச் சுற்றியுள்ள பத்துச் செடிகளைப் பற்றி ஓர் ஏடு எழுதட்டும். வீட்டு முதியோர் சொல்லும் பெயர், மலாய்ப் பெயர், பாடநூற்பெயர், பூக்கும் மாதம், பயன் என ஐந்து செய்திகள் போதும். பெயர் கிடைக்காத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாக விடட்டும். எந்த இடங்கள் வெறுமையாக உள்ளன என்பதை அறிவதும் மொழிக்கல்வியே.

நண்பர் ஊர் திரும்பும் முன் தம் குறிப்பேட்டைக் காட்டினார். அன்று கண்ட பூக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஊதாப்பூவின் நேரே மலாய்ப் பெயரையும் மூதாட்டி கூறிய மருந்தையும் எழுதியிருந்தார். தமிழ்ப்பெயருக்குரிய கட்டத்தை நமக்காக விட்டுவைத்திருந்தார்.