கை பாட்டுக்குப் போகிறதா?

சாத்தூரை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது அச்சங்குளம். இந்தப் பக்கத்து ஊர்களில் பயராபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலைக்குப் போகிறவரோ, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவரோ இல்லாத தெரு அபூர்வம். மழையை நம்பிய கரிசல் விவசாயம் கைவிட்டபோதெல்லாம் கைவேலைதான் இங்கே சோறு போட்டது. தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது, காகிதக் குழாய் உருட்டுவது, வெடிக்குத் திரி வைப்பது, சரம் பின்னுவது என்று எல்லாமே விரல் நுனியில் நடக்கிற வேலைகள்.

சரம் பின்னுகிற கைகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கை வெடியை எடுத்து அதன் திரியைச் சரியான பக்கம் திருப்பி வைக்கிறது. மறு கை நூலை இழுத்து இறுக்குகிறது. அடுத்த வெடி எதிர்ப்பக்கம் போகிறது. மறுபடி நூல், மறுபடி வெடி. இதற்கு நடுவே பக்கத்தில் இருப்பவரோடு மகள் கல்யாணப் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும். “எப்படிக்கா இவ்வளவு வேகம்?” என்று கேட்டால், “பழகிப் போச்சு, கை அது பாட்டுக்குப் போகும்” என்பார்கள்.

உண்மையில் கை அது பாட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் தலைக்குள் ஒரு திட்டம் தயாராகிறது. அந்தத் திட்டத்தில் பெரும்பங்கு வகிக்கும் இடத்தைத் துணை இயக்கப் பகுதி என்று சொல்லலாம். தலையில் வகிடு எடுக்கும் கோட்டுக்கு நேர் கீழே, மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் உட்சுவரில், உச்சிக்குச் சற்று முன்னால் அது இருக்கிறது. பாதிக்கு ஒன்றாக இரண்டிலும் உண்டு. அதை ஒட்டிப் பின்னால் இருப்பது தசைகளுக்கு நேரடியாக ஆணை அனுப்பும் முதன்மை இயக்கப் பகுதி. பின்னது கொத்தனார் என்றால் முன்னது மேஸ்திரி.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்ட் 1951 வாக்கில் இதற்குப் பெயர் வைத்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பது அவர் முறை. முதன்மைப் பகுதியில் தொட்டால் ஒரு விரலோ உதடோ துடிக்கும். முன்னால் இருந்த இந்த இடத்தைத் தொட்டபோதோ கை முழுவதுமாக மேலே உயர்ந்தது, தலையும் கண்ணும் அந்தக் கையை நோக்கித் திரும்பின. துடிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. பல தசைகள் சேர்ந்து செய்த ஒரு முழுச் செயல் அது.

இன்னும் தெளிவான சான்று 1980இல் டென்மார்க்கில் கிடைத்தது. பெர் ரோலண்டும் கூட்டாளிகளும் கதிரியக்க செனான் வாயுவைக் கொண்டு, மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று அளந்தார்கள். ஒரு ஸ்பிரிங்கை விரலால் அழுத்தச் சொன்னபோது முதன்மை இயக்கப் பகுதியில் ஓட்டம் கூடியது. பெருவிரலால் மற்ற விரல்களை ஒரு சிக்கலான வரிசைப்படி தொடச் சொன்னதும் துணை இயக்கப் பகுதியும் சேர்ந்துகொண்டது. கடைசியாக, கையை அசைக்காமல் அதே வரிசையை மனத்துக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது முதன்மைப் பகுதி அமைதியாக இருக்க, துணைப் பகுதியில் மட்டும் ரத்த ஓட்டம் கூடியது. கச்சேரிக்கு முன்னால் கையை மடியில் வைத்தபடி தனி ஆவர்த்தனத்தை மனத்தில் வாசித்துப் பார்க்கும் மிருதங்கக்காரருக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் கார்ன்ஹூபரும் டீக்கெயும் வேறொன்றைக் கண்டிருந்தார்கள். ஒருவர் தானாக விரலை அசைப்பதற்கு ஒரு நொடிக்கும் முன்பிருந்தே அவரது உச்சந்தலையில் ஒரு மின் அலை மெல்ல எழுகிறது. விரல் அசைவது பிறகுதான்.

வரிசை என்பதுதான் இங்கே முக்கியம். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஜுன் தான்ஜியும் கெய்செட்சு ஷிமாவும் குரங்குகளுக்கு ஒரு கைப்பிடியைத் தள்ளு, இழு, திருப்பு என்று மூன்று செயல்களைப் பல வரிசைகளில் பழக்கினார்கள். 1994இல் வெளியான முடிவு விசித்திரமானது. துணை இயக்கப் பகுதியின் சில நரம்பணுக்கள் தள்ளுவதற்கென்றோ இழுப்பதற்கென்றோ விழித்துக்கொள்ளவில்லை. ‘திருப்பு, தள்ளு, இழு’ என்ற குறிப்பிட்ட வரிசை வரப்போகும்போது மட்டும் விழித்தன. அதே மூன்று செயல்கள் வேறு வரிசையில் வந்தால் அவை பேசாமல் இருந்தன. பிறகு அந்தப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக மயக்கினார்கள். விளக்கைக் காட்டி ‘இப்போது தள்ளு, இப்போது இழு’ என்று வழிகாட்டினால் குரங்கு சரியாகவே செய்தது. வழிகாட்டாமல் நினைவிலிருந்து செய்ய விட்டபோதுதான் வரிசை குழம்பியது.

புதிதாக வேலைக்கு வந்தவரும் முதல் சில நாட்கள் பக்கத்துக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னுவார். கண்ணால் பார்த்துச் செய்யும் அசைவுகளில் மூளையின் பக்கவாட்டில் உள்ள முன்னியக்கப் பகுதிக்குப் பங்கு அதிகம். பார்க்காமல் செய்யும் நிலை வரவரத் துணை இயக்கப் பகுதியின் பங்கு பெருகுகிறது. கோலத்திலும் இப்படி ஒன்று உண்டு. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி சிக்குக்கோலம் போடும் பெண்களை ஆராய்ந்தபோது, அவர்கள் கோலத்தை ஒரு படமாக மட்டும் நினைவில் வைப்பதில்லை என்று கண்டார். நேராகப் போ, வளை, சுற்றித் திரும்பு என்கிற சில கையசைவுகளின் கோவையாகவே அது அவர்கள் நினைவில் இருந்தது.

பார்த்துப் பழகுவதில் சிவகாசிக்குப் பெரிய வரலாறு உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த கைவேலை அடுத்த கைக்கு, அதற்கடுத்த கைக்கு என்று இந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. அதில் ஒரு கறையும் உண்டு. பிஞ்சு விரல்தான் வேகமாக ஓடும் என்று சொல்லிப் பல ஆண்டுகள் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அறிவியல்படியும் அந்தப் பேச்சு செல்லாது. இரு கைகளுக்கும் வெவ்வேறு வேலை கொடுத்து வரிசையாகச் செய்யும் திறன் வளரிளம் பருவம் வரை முதிர்ந்துகொண்டே போகிறது. பிஞ்சு விரலில் வேகம் இருந்ததோ இல்லையோ, கூலி குறைவாக இருந்தது.

இரு கைகள் என்றால் ஒரு நிலக்கடலைச் சோதனையைச் சொல்ல வேண்டும். கோபி பிரிங்க்மன் என்ற ஆய்வாளர், பலகையில் ஓட்டை போட்டு அதில் கடலையைச் செருகிக் குரங்குகளுக்குக் கொடுத்தார். சாதாரணக் குரங்கு மேலிருந்து ஒரு விரலால் கடலையைத் தள்ளும், மறு கையைக் கீழே ஏந்திப் பிடிக்கும். ஒரு பக்கத்துத் துணை இயக்கப் பகுதியை இழந்த குரங்கோ இரண்டு கையாலும் ஒரே வேலையைச் செய்தது. மேலே ஒரு விரல் தள்ள, கீழேயிருந்து இன்னொரு விரலும் தள்ளிக்கொண்டிருந்தது. மனிதர்களிலும் இந்த இடத்தில் கட்டி வந்து அறுவை செய்துகொண்டவர்கள் சிலர் முதலில் அசையவும் பேசவும் முடியாமல் கிடந்து, சில வாரங்களில் தேறுகிறார்கள். ஆனால் இரு கைகளையும் மாற்றி மாற்றி இயக்கும் வேலையில் மட்டும் ஒரு தடுமாற்றம் மிஞ்சிவிடுவதுண்டு. சரம் பின்னுவதில் இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்கிற கணம் அநேகமாக இல்லை. இந்த வேலைக்குத் திறன் தேவையில்லை என்று சொல்லிக் கூலி பேசுகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பின்னிப் பார்க்கலாம்.

சென்னை பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகாவும் இந்த இயக்கச் சுற்றின் இன்னொரு கோளாறோடு மல்லுக்கு நின்றவர்கள். பார்க்கின்சன் நோயில் மூளையின் ஆழத்திலிருந்து துணை இயக்கப் பகுதிக்கு வரவேண்டிய தூண்டுதல் குறைந்துவிடுகிறது. நோயாளி நடக்க நினைத்தும் கால் எழும்பாமல் வாசற்படியில் உறைந்து நிற்பார். தரையில் கோடுகள் போட்டு அவற்றைத் தாண்டச் சொன்னால், அதே கால் எழுந்து நடக்கும். உள்ளிருந்து வரும் திட்டம் தடைப்பட்டாலும் கண் வழியாக வரும் வழிகாட்டல் வேலை செய்கிறது. விளக்கைப் பார்த்துச் சரியாகச் செய்த குரங்கின் கதைதான் இதுவும்.

கை போன பிறகும் திட்டம் போகாமல் இருப்பதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவின் சான் டியகோவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர். கையை இழந்த சிலருக்கு அந்த இல்லாத கை இறுக மூடியபடி வலிக்கும். திறக்கச் சொல்லி மூளை ஆணை அனுப்புகிறது, திறந்துவிட்டது என்ற செய்தி திரும்பி வருவதில்லை. 1990களில் அவர் ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். பிம்பம் விரிவதைப் பார்த்ததும் சிலருக்குப் பிடிப்பு தளர்ந்தது.

அதே ஸ்டான்லியில்தான் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைக்கென்றே தனித்துறையை வளர்த்தார். விரல் நுனி துண்டானவர்களுக்கு, அதே விரலின் பக்கத் தோலை உணர்வு நரம்போடு முன்னே நகர்த்தி மூடும் முறையை அவரும் என். சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்டார்கள். உணர்வு ஏன் முக்கியம் என்றால், தொடுகைச் செய்தி வராத விரலுக்கு மூளை எத்தனை நல்ல திட்டம் போட்டாலும் வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். வேலூரில் 1948 முதல் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்தபோது இன்னொரு சவால் வந்தது. நன்றாக இயங்கும் ஒரு தசைநாரை எடுத்து வேறு வேலைக்கு இடம் மாற்றித் தைப்பது அவர் முறை. தையல் ஆறியபின் நோயாளி பழைய அசைவை நினைத்தால் புதிய அசைவு நடக்கும். வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து மூளைக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இனி பயராபீஸுக்கே திரும்பலாம். எண்ணிக்கைக்குக் கூலி என்கிற முறையில் வேகம்தான் வருமானம். ஒரு வரிசை நன்றாகப் பழகியதும் அதற்கு வேண்டிய கவனம் குறைகிறது, மூளையின் ஆழத்திலுள்ள பழக்கச் சுற்றுகள் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கின்றன. பேசிக்கொண்டே பின்ன முடிவது இதனால்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கையை நடுவில் நிறுத்துவது மூளைக்குத் தனி வேலை. துணை இயக்கப் பகுதியின் முன்னோரமும் வலப்பக்க நெற்றி மடலின் ஒரு பகுதியும் அதில் பங்கெடுக்கின்றன. தொடங்கவிருந்த ஓர் அசைவை ரத்து செய்ய, ஆரோக்கியமான ஒருவருக்கே ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. சரம் பின்னும்போது கால் நொடி ஒன்றும் பெரிதில்லை. வெடிமருந்து கலக்கும் அறையில், அடைக்கும் அறையில், ஓர் உராய்வுப் பொறிக்கு அதில் சிறு பங்கு போதும்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற சொல் முதலில் வந்து நிற்கும். மூளையின் வேகத்தை அறிந்தவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாகக் கையாள மாட்டார்கள். வெடிபொருள் விதிகள் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தாலே போதும். அவை கவனத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இடையே இத்தனை தூரம் என்று வரையறுக்கின்றன. ஒரு கை தவறினாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, அறைக்குள் ஆட்களையும் மருந்தையும் கூட்டும்போது இந்தக் கணக்குதான் முதலில் உடைகிறது. அங்கே குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் துணை இயக்கப் பகுதியால் அதைச் சரிசெய்ய முடியாது.