சக்கரம் கொடுத்தவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், இந்தத் தடவை வருமான வரி வேண்டாம். பசங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். மூன்று வருஷம் விடாமல் வரிக் கணக்கு எழுதியதற்கு இந்த மரியாதை! சரி, எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் சைக்கிள்.

நான் புணேவுக்கு வந்த காலத்தில் இது சைக்கிள்களின் ஊர். மும்பை–புணே சைக்கிள் பந்தயம் நடக்கும் நாளில் கண்டாலா மலைச்சாலைக்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். மலையில் முந்துபவருக்கு 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைச்சாலையின் ராஜா என்று பட்டம். அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. ஜூலை மாதம் டி.வி.யில் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் வந்தால் வீட்டில் வேறு சேனல் கிடையாது.

போன வருஷம் கூட உட்கார்ந்து பார்த்த பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த ஆள் சட்டைக்குள்ளே எட்டு பாட்டிலை அடைச்சுக்கிட்டு போறானே, அவன் எப்படி ஜெயிப்பான்?"

"அவன் ஜெயிக்க வரலைடா" என்றேன். பையனுக்குப் புரியவில்லை. நியாயம்தான். ஜெயிக்காமலே இருப்பது ஒரு உத்தியோகமா? ஆமாம், அதுதான் இந்த விளையாட்டின் விசேஷம்.

டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. இப்போது 21 கட்டங்கள், சுமார் 3,400 கிலோமீட்டர், மூன்று வாரம். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு முதலிடம். ஒவ்வொரு நாளும் கணக்கில் முன்னால் நிற்பவர் மறுநாள் மஞ்சள் சட்டை அணிவார். அணிக்கு எட்டுப் பேர்; அவர்களில் தலைவர் ஒருவர். மற்றவர்கள் அவருக்காக ஓட்டுபவர்கள்.

எதற்காக என்றால், காற்று! சமதரையில் வேகமாகப் போகும்போது கால் பலத்தில் பெரும்பகுதியை எதிர்க்காற்றே தின்றுவிடும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நம்மில் பலர் சின்ன வயதில் லாரிக்குப் பின்னால் சைக்கிள் விட்டு அடி வாங்கியவர்கள்தானே, கணக்கு புரியும்! தலைவர் கடைசி மலை வரை இப்படிச் சக்தியைச் சேமிப்பார். அவருக்குக் காற்று மறைப்பது, அணியின் காரிடம் பின்தங்கிப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவது, விழுந்தால் காத்திருந்து கூட்டத்தோடு சேர்த்துவிடுவது எல்லாம் மற்றவர்கள் வேலை. இவர்களைப் பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்பார்கள். வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். முதலில் இளக்காரமாகச் சொன்ன பேர், பிறகு தொழிலின் பேராகிவிட்டது. தலைவர் ஜெயிக்கும் பரிசுப் பணத்தை அணியினருக்குப் பங்கிடுவது வழக்கம். பேர் மட்டும் ஒருவருக்குத்தான்.

இதைப் பேரனுக்கு விளக்க நான் சொன்ன கதை ரெனே வியெத்தோவுடையது. 1914-இல் பிறந்தவர். பிரான்ஸின் தென்கரையில் கான் நகரத்து ஓட்டலில் எடுபிடிப் பையனாக இருந்தவர். 1934-இல், இருபதாவது வயதில், முதல் தடவையாக டூரில் ஓட்டினார். ஆல்ப்ஸ் மலைகளில் பறந்தார். சொந்த ஊர்ப்பக்கமான கான் உட்பட மூன்று கட்டங்களை வென்றார். நாடே பையனைக் கொண்டாடியது. ஆனால் அப்போது நாட்டு வாரியாக அணிகள். பிரெஞ்சு அணியில் மஞ்சள் சட்டை அன்டோனின் மாஞ் என்பவரிடம் இருந்தது. அவரை இத்தாலியின் மார்த்தானோ துரத்திக்கொண்டிருந்தார்.

பிரனீஸ் மலையில் ஓர் இறக்கத்தில் மாஞ் விழுந்து முன்சக்கரம் உடைந்தது. இன்றைக்குப் போல மாற்றுச் சைக்கிள்களோடு கார் பின்னாலேயே வருகிற காலமல்ல. வியெத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் போய்விட்டார். வேறு சக்கரம் வருகிற வரைக்கும் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பையன் அழுதார். அந்தப் புகைப்படம் டூரின் வரலாற்றில் மிகப் பிரபலமானவற்றில் ஒன்று.

மறுநாள் இன்னும் கொடுமை. வியெத்தோ முன்னால் போய்க்கொண்டிருக்க, பின்னால் மாஞ் வண்டி மறுபடி பழுதாகி நின்றுவிட்டது. செய்தி கேட்டதும், இறங்கிய மலையிலேயே திரும்பி ஏறிப் போய்த் தன் சைக்கிளையே கொடுத்தார். மாஞ் டூரை வென்றார். வியெத்தோ அதற்குப் பிறகும் ஒரு கட்டத்தை வென்று, மலையேற்றப் பரிசையும் வாங்கி, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார்.

"அப்புறம் அவர் ஜெயிச்சாரா?" என்றான் பேரன்.

இல்லை. 1939-இல் மஞ்சள் சட்டை போட்டார். ஆல்ப்ஸில் பெல்ஜியத்தின் சில்வேர் மாஸிடம் இழந்து இரண்டாவதாக வந்தார். பிறகு உலகப் போர். 1940 முதல் 1946 வரை டூரே நடக்கவில்லை. ஒரு வீரரின் நல்ல வயதெல்லாம் அதில் போயிற்று. 1947-இல் 33 வயதில் மறுபடி வந்து 15 நாள் மஞ்சள் சட்டையில் ஓட்டினார். முடிவு நெருங்கும்போது 139 கிலோமீட்டர் தனியோட்டம் ஒன்று. யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்க முடியாது. அதில் சட்டை போயிற்று; மறுபடி ஐந்தாவது இடம். ஆக மொத்தம் 26 நாள் மஞ்சள் சட்டை அணிந்தும் டூரை வெல்லாதவர். சுவிட்சர்லாந்தின் கான்செல்லாரா 2012-இல் தாண்டும் வரை அந்தச் சாதனை அவருடையதாகவே இருந்தது. 1988-இல் காலமானார்.

அந்தச் சக்கரத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? நின்ற நிமிஷங்களை மட்டும் கூட்டினால் அவருக்கும் மாஞ்சுக்கும் இருந்த இடைவெளி அடையாது என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. நானும் கணக்குப் பிள்ளைதான்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள்: சுவரில் உட்கார்ந்து அழுதவர் மனமுவந்து கொடுக்கவில்லை. அழுதுகொண்டே கொடுத்தார். மறுநாள் மறுபடியும் கொடுத்தார். எனக்கு அதுதான் பெரிசு.

நம் குடும்பங்களில் எத்தனை பேர் இப்படி! எங்க அண்ணா எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க். காலேஜ் ஆசை நிறைய. அப்பா போனதும் பதினேழு வயதில் ரயிலேறி இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்தார். மாசா மாசம் வந்த மணியார்டரில்தான் நான் பி.காம். படித்தேன், தங்கைகள் கல்யாணம் நடந்தது. அவர் அழுதாரா என்று நான் கேட்டதேயில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தாத்தா, அந்த பாட்டில்காரன் பேரென்ன?" என்றான். திரையில் பேர் வரும் வரை இருவரும் காத்திருந்தோம்.