5,000 கிலோமீற்றர் கணக்கு மலையில் சரிவருமா?

வாகனத்தின் எஞ்ஜின் ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டால் இலங்கையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 5,000. சேர்விஸ் முடிந்ததும் கண்ணாடி மூலையில் ஒட்டிவிடும் சிறிய ஸ்டிக்கரிலும் அதுவே எழுதப்பட்டிருக்கும். கிளிநொச்சியின் நேரான ஏ9 வீதியில் ஓடும் வானுக்கும் அதுதான். இரத்தினபுரியின் தோட்டப் பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஓட்டோவுக்கும் அதுதான். இரண்டு எஞ்ஜின்களும் படும் பாடு ஒன்றல்ல என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஸ்டிக்கருக்குத் தெரியாது.

இது சின்ன விடயம் போலத் தோன்றலாம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்கள் எல்லாம் ஐந்து வயது கூடின. இறக்குமதி திறந்த பின்னரும் வரியோடு சேர்த்து வரும் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே கையில் இருக்கும் பழைய எஞ்ஜினைக் காப்பாற்றுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழியில்லை. போருக்குப் பிறகு லீசிங்கில் ஓட்டோ எடுத்து அதை நம்பியே வீட்டை நடத்தும் குடும்பங்கள் வடக்கிலும் இருக்கின்றன, மலையகத்திலும் இருக்கின்றன. எஞ்ஜின் பிடித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும். லீசிங் தவணை நிற்காது.

என் அப்பாவின் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது. 1981இலும் 1983இலும் அதே பாதையில் இன்னும் பலர் வந்தார்கள். அங்கேயே தங்கிவிட்ட உறவுகள் சிலர் இறக்குவானைப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு சிறிய கராஜில் நின்று பேசுவது எனக்கு வழக்கம். கராஜ் என்றால் நான்கு தூண், தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண்தரை. அதை நடத்துபவர் முப்பது வருடமாக அதே தோட்டப் பாதை வாகனங்களைத் திருத்துகிறவர்.

"ஐயாயிரம்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. இந்த ரோட்டுல ஓடுறவங்கள மூவாயிரத்தோட வந்துருங்கன்னுதான் நான் சொல்லுவேன். வரமாட்டாங்க. லீசிங் கட்டி மிஞ்சுனாத்தான் ஒயிலு" என்றார்.

"அப்படி விட்டா என்ன ஆகும் அண்ணே?"

"ஒண்ணும் ஆகாது. ஒருநாள் வரைக்கும் ஒண்ணுமே ஆகாது."

அந்த ஒருநாள் எதனால் வருகிறது என்று பார்ப்போம். ஒயில் உராய்வைக் குறைக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. அத்தோடு அது பிஸ்டனிலிருந்து சூட்டை எடுத்துச் செல்கிறது, ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கிறது, கரியையும் உலோகத் துகளையும் தன்னோடு சுமக்கிறது, துருவைத் தடுக்கிறது. இவற்றுக்காக அடிப்படை எண்ணெயோடு பல இரசாயனங்கள் சேர்க்கப்பட்டிருக்கும்: அழுக்கைக் கழுவுபவை, கழுவிய அழுக்கு ஓரிடத்தில் திரளாமல் பிரித்து வைப்பவை, அமிலத்தை முறிப்பவை, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பொஸ்பரஸ் சேர்மங்கள். ஒயில் பழசாகிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சேர்மங்கள் செலவாகிவிட்டன என்றுதான் பொருள். எண்ணெய் அப்படியே இருக்கும், அதன் வேலைக்காரர்கள் போய்விட்டிருப்பார்கள்.

அதனால் ஒயில் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. டீசல் எஞ்ஜினில் புது ஒயில் ஊற்றிச் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அது கரியைச் சுமக்கிறது, அதாவது தன் வேலையைச் செய்கிறது.

இனி மலைக்கு வருவோம். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர் உருவாகிறது. நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும் இது எளிய இரசாயனக் கணக்கு. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைபோக்கி வழியே போய்விடும். கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கும். எஞ்ஜின் நன்றாகச் சூடேறி நீண்ட நேரம் ஓடினால் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். லயத்திலிருந்து சந்திக்கு மூன்று கிலோமீற்றர், பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி நிறுத்தி வைப்பது, பிறகு மறுபடி மூன்று கிலோமீற்றர் என்று ஓடினால் ஒயில் ஒருபோதும் போதிய அளவு சூடேறாது. தண்ணீர் உள்ளேயே தங்கி, எரிவாயுக்களோடு சேர்ந்து அமிலமாகும். இலங்கையில் அதிக மழை பெறும் பிரதேசங்களில் ஒன்று இரத்தினபுரி. காற்றே ஈரம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெண்மஞ்சள் நிறக் களிம்பு படிந்திருப்பதை இங்கே அடிக்கடி காணலாம். குறுகிய ஓட்டத்தின் அடையாளமாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஒயில் முழுவதுமே பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் கதை வேறு. தண்ணீர் நேரடியாகக் கலக்கிறது, கஸ்கட் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

நம் நாட்டில் ஓடும் கார்களில் பெருந்தொகை ஜப்பானில் பாவித்துவிட்டுக் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், ஆகவே யாரும் திறப்பதில்லை. திறந்து வாசிக்க முடிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். டொயோட்டா தன் நாட்டில் டேர்போ இல்லாத சாதாரண பெற்றோல் காருக்குச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். 5,000 என்பதைவிட மூன்று மடங்கு! ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது. கடுமையான பாவனை என்றால் அதில் பாதி, 7,500 அல்லது ஆறு மாதம். கடுமையான பாவனை எது என்றும் பட்டியலிடுகிறார்கள்: கரடுமுரடான பாதை, ஏற்ற இறக்கம் நிறைந்த மலைப்பாதை, ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்கும் குறைவான ஓட்டங்கள், மெதுவாக நகர்வதும் நிறுத்தி வைத்து எஞ்ஜினை ஓடவிடுவதும். இரத்தினபுரித் தோட்டப் பாதையைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கும் நன்கு பராமரிக்கப்பட்ட எஞ்ஜினுக்கும் அவர்கள் குறிப்பிடும் தரமான ஒயிலுக்கும் உரியது. பதினைந்து வயதான எஞ்ஜினில் மலிவான மினரல் ஒயில் ஊற்றி ஓடுகிறவர் 7,500 வரை காத்திருக்கக் கூடாது. அவருக்கு 5,000 கூட அதிகமாக இருக்கலாம். மாறாக, தரமான சிந்தெற்றிக் ஒயிலோடு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நீண்ட ஓட்டம் ஓடும் கார் 10,000 வரை போகலாம். அதை 5,000இல் மாற்றுவதால் கெடுதல் இல்லை, காசுதான் வீண்.

கிலோமீற்றர் என்பதே உண்மையில் ஒரு குத்துமதிப்பு அளவு. எஞ்ஜின் எத்தனை மணித்தியாலம் சுழன்றது என்பதுதான் சரியான அளவு. ஏ9இல் சராசரியாக மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் 5,000 கிலோமீற்றரை 125 மணித்தியாலத்தில் முடிக்கும். மலைப்பாதையில் சராசரி 15 என்றால் அதே 5,000க்கு 333 மணித்தியாலம் வேண்டும். மீற்றர் ஒரே எண்ணைக் காட்டும், எஞ்ஜினோ இரண்டரை மடங்குக்கும் மேல் உழைத்திருக்கும். உழவு இயந்திரம், ஜெனரேற்றர், தண்ணீர்ப் பம்பி எல்லாவற்றுக்கும் மணிக்கணக்குச் சொல்லப்படுவது இதனால்தான். ஹொண்டாவின் சிறிய பம்பி எஞ்ஜின்களுக்கு 100 மணித்தியாலம் அல்லது ஆறு மாதம். இரத்தினபுரியில் மாணிக்கக் குழிகளிலிருந்து நாளெல்லாம் தண்ணீர் இறைக்கும் பம்பிக்கு 100 மணித்தியாலம் என்பது பத்துப் பன்னிரண்டு நாள்கூட வராது. வன்னியில் தோட்டம் செய்கிறவர்களும் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பியில் ஒயில் மாற்றிய திகதியை எழுதி வைத்திருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓட்டோவுக்குத் தனியாக ஒரு சொல். காரில் மூன்று, நான்கு லீற்றர் ஒயில் பங்கிட்டுச் செய்யும் வேலையை இங்கே ஏறத்தாழ ஒரு லீற்றர்தான் செய்கிறது. அதிலும் சூடு அதிகம், சுமை அதிகம். கராஜ் அண்ணன் சொன்ன 3,000 அவருடைய அனுபவக் கணக்கு. அது இந்தப் பாதைக்குப் பொருந்துகிறது என்றே நான் நினைக்கிறேன்.

எண்ணெய் மெலிந்து போவது பற்றி வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடை காலத்தில் பெற்றோல் கண்ணால் காண முடியாத பொருள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயில் தொட்டிக்குள் இறங்கும். எங்கள் வீட்டு எம்டி 90இல் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போவதை அப்பா காட்டியது நினைவிருக்கிறது. அது கூடிய ஒயில் அல்ல, கலந்த மண்ணெண்ணெய். ஒயில் தண்ணீராகி, தேய்மானம் விரைவாக நடக்கும். வடித்த ஒயிலைப் போத்தலில் அடையவிட்டு, பழைய சேலைத் துணியில் வடிகட்டி அவர் மறுபடி ஊற்றியதும் உண்டு. அன்றைக்கு அதுதான் முடிந்தது. ஆனால் துணி துகளைத்தான் பிடிக்கும். கலந்த எரிபொருளையும் அமிலத்தையும் பிடிக்காது, செலவான சேர்மங்களைத் திருப்பித் தராது. இன்றைக்கும் அளவு பார்க்கும் கம்பியில் ஒயில் தானாகக் கூடியிருந்தால், பெற்றோல் மணம் வந்தால், கிலோமீற்றரைப் பார்க்காமல் மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

வெள்ளமும் அப்படித்தான். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தை இறங்கியவுடன் ஸ்ரார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் மனித இயல்பு. அதைச் செய்யாதீர்கள். முதலில் கம்பியை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் ஒயிலையும் பில்டரையும் மாற்றாமல், சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று மெக்கானிக் உறுதி செய்யாமல் சாவியைத் தொடக்கூடாது.

எந்த ஒயில் என்பது கையேடு சொல்வதுதான். போத்தலில் 20டபிள்யூ-50 என்றிருந்தால் முதல் எண் குளிரில் ஓடும் தன்மை, இரண்டாவது சூட்டில் அதன் தடிப்பு. ஹைபிரிட் கார்களுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயில் கேட்கப்பட்டிருக்கும். மலை நாடு என்று தடித்ததை ஊற்றக் கூடாது. மோட்டார் சைக்கிளில் கிளச்சும் அதே ஒயிலில் நனைவதால் ஜாசோ எம்ஏ என்று குறித்த ஒயில்தான் வேண்டும். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கலாம். உதிரியாக அளந்து விற்கப்படும் ஒயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீல் உடையாத போத்தலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். வெறும் போத்தலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். யாரும் அதில் வேறெதையும் நிரப்பி மறுபடி விற்க முடியாது.

காசு கைக்கு வராத மாதத்தில் என்ன செய்வது? கராஜ் அண்ணனிடம் இதைத்தான் அதிகம் பேசினேன். வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்ஜின் நின்று சில நிமிடங்கள் கழித்துக் கம்பியைப் பார்க்கச் சொல்கிறார். பழைய ஒயிலோடு இரண்டு வாரம் கூடுதலாக ஓடுவதைவிட ஒயில் குறைந்து ஓடுவதே ஆபத்து. கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கிய எஞ்ஜின்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. ஏறுபாதையில் தொட்டி சாயும்போது குறைந்த ஒயில் பம்பிக்கு எட்டாமலும் போகலாம். ஒயில் விளக்கு எரிந்தால், ஏற்றத்தின் நடுவிலாக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "விளக்கு எரிஞ்சப்புறம் கராஜ் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்னு பெருமையா சொல்வாங்க தம்பி. அந்த ரெண்டு கட்டை ஓட்டம்தான் எஞ்ஜின முடிச்சிருக்கும்."

வடித்த ஒயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தூண்களில் கறையானுக்குப் பூசுவது எங்கள் ஊரிலும் தோட்டத்திலும் ஒரே பழக்கம். வெறுங்கையால் பூசாதீர்கள். பாவித்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் சேர்ந்திருக்கும். தோலில் திரும்பத் திரும்பப் படுவது நல்லதல்ல. கானுக்குள் ஊற்றினால் மலையில் அது பீலிக்குத்தான் இறங்கும், வடக்கில் கிணற்றுக்கு. கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தால் என்ன நடக்கும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் பார்த்தோம். 2019இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இறக்குவானைக் கராஜில் வடித்த ஒயில் ஒரு நீலப் பீப்பாயில் சேர்கிறது. நிறைந்ததும் வாங்கிப் போக ஆள் வருகிறார்கள். வீட்டில் மாற்றுகிறவர்கள் ஒரு கலனில் பிடித்து இப்படியான கராஜ் ஒன்றிடம் கொடுத்துவிடலாம். காசு கேட்பதில்லை.