'ஒய்' தட்டும் முன் பட்டியலைப் படியுங்கள்: லினக்ஸ் கணினியை மேம்படுத்துவோர் கவனத்திற்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளுக்கு உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் நல்ல மாற்று. ஆனால் உபுண்டுவையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேம்படுத்த வேண்டும், 20.04 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்ட வீடுகளில் பிள்ளைகளின் பாடத்துக்கு இருப்பது ஒரே கணினி என்றால், அது முடங்காமல் மேம்படுத்தத் தெரிந்திருப்பது அவசியம்.

லினக்ஸ் மென்பொருள்கள் பல வேலைகளுக்குப் பொதுவான 'நூலகங்களை' நம்பியிருக்கின்றன. லயத்துப் பொதுக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயை மாற்றினால் ஒரு வீட்டு ரப்பர் குழாய் பொருந்தும். இன்னொரு வீட்டுடையது பொருந்தாது. கணினியில் இதற்குப் பெயர் 'சார்பு முரண்'.

ஓர் உதாரணம். இணையத்தில் நம் தகவலைப் பூட்டி அனுப்பும் ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகம் உபுண்டு 20.04-இல் 1.1 வரிசையில் இருந்தது, 22.04-இல் 3.0 ஆனது. பழையதைக் கேட்ட மென்பொருள்கள் நிறுவ மறுத்தன. பழைய நூலகத்தைத் தேடி இறக்கினால் வேலை நடக்கும்தான். ஆனால் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. பழுது பார்க்க ஆளில்லாத பூட்டை வாசலில் போடலாமா?

கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021-இல் 'பாப் ஓஎஸ்' லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். சார்பு முரண் காரணமாக, திரைமுகப்பையே நீக்கப் போவதாகக் கணினி எச்சரித்தது. அதையும் மீறி அவர் சம்மதம் தட்டினார். திரைமுகப்பு காணாமல் போய், கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே மிஞ்சின.

இப்படி நேராமலிருக்கச் செய்ய வேண்டியவை:

1. முதலில் கோப்புகளை வெளி வட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள்.

2. 'ஏபிடி அப்டேட்' கட்டளையால் பொதிப்பட்டியலைப் புதுப்பியுங்கள். பழைய பட்டியலே சில சமயம் முரணுக்குக் காரணம்.

3. ஏபிடி கட்டளையோடு '-எஸ்' சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும், எதுவும் மாறாது. 'நீக்கப்படும்' என்ற பட்டியலைப் படியுங்கள். தெரியாத பெயர்கள் வரிசையாக வந்தால் நிறுத்துங்கள்.

4. முரண்படும் பொதி எங்கிருந்து வந்தது என்பதை 'ஏபிடி பாலிசி' காட்டும். உபுண்டுவுடையதல்லாத வெளிக்களஞ்சியம் என்றால் அதை முடக்கிவிட்டு, 'பிக்ஸ் ப்ரோக்கன்' தெரிவால் சரிசெய்யுங்கள். அது தரும் நீக்கப் பட்டியலையும் படித்த பிறகே சம்மதியுங்கள்.

5. பழைய நூலகம்தான் வேண்டும் என்று ஒரு மென்பொருள் அடம்பிடித்தால், அதன் புதிய பதிப்பைத் தேடுங்கள். இல்லையேல் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே கொண்டுவரும் பிளாட்பேக், ஸ்னாப் வடிவங்களைப் பாருங்கள்.

வற்புறுத்தி நிறுவும் 'போர்ஸ்' கட்டளைகளை யார் சொன்னாலும் தட்டாதீர்கள். முரண் என்று கணினி சொல்லி நிற்கும்வரை எதுவும் கெடவில்லை. கெடுவது, படிக்காமல் 'ஒய்' தட்டிய பிறகுதான்.