மஞ்சள் வெளிச்சம், வெள்ளை வெளிச்சம்

கைக்கு அடக்கமான டார்ச் பல மடங்கு பிரகாசமாகிவிட்டது. கெட்டுப்போனால் திறந்து பார்க்கத்தான் வழியில்லை.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை அலசி 2020இல் வெளியான ஆய்வு சொல்லும் கணக்கு இது. ஏறத்தாழ பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். பெரும்பாலானவை கிராமங்களில். தடுப்பு ஆலோசனை எதைப் புரட்டினாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இருட்டில் வெளிச்சமில்லாமல் நடக்காதீர்கள். வயல்காட்டில் அந்த வெளிச்சம் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன டார்ச்.

மின்சாரம் வந்த பிறகும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. மணிப்பூரின் லெய்சாங்குக்கு இணைப்பு கொடுத்ததோடு நாட்டின் எல்லா கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் பல மாநிலங்களில் பம்புசெட்டுக்கான மின்சாரம் ராத்திரியில்தான் வருகிறது. மோட்டார் போட விவசாயி வரப்பில் நடக்க வேண்டும். பாசனத்துக்குப் பகலிலேயே மின்சாரம் கொடுக்க குஜராத் 2020இல் கிசான் சூர்யோதய திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்த ராத்திரி நடையும் ஒரு காரணம். மற்ற இடங்களில் நடை தொடர்கிறது. கையில் இருக்கும் டார்ச்தான் மாறிவிட்டது.

பழைய டார்ச்சை நினைவிருப்பவர்கள் அதிகம். பித்தளையிலோ அலுமினியத்திலோ ஒரு குழல், உள்ளே இரண்டு செல், முன்னால் கண்ணாடி, கட்டை விரலுக்கு ஒரு ஸ்விட்ச். இந்தியாவில் டார்ச் என்றாலே எவரெடிதான் என்றிருந்த காலம் நீண்டது. அலகாபாத்தில் பிறந்த ஜீப் டார்ச்சுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. 1934இல் கல்கத்தாவில் எவரெடி என்று பதிவான கம்பெனி 1958இல் லக்னோவில் டார்ச்சுக்கென்றே தொழிற்சாலை தொடங்கியது, பின்னர் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. 1984இல் போபால். பத்து ஆண்டுகள் கழித்து 1994இல் கம்பெனி வில்லியம்சன் மகோர் குழுமத்தின் கைக்குப் போனது. மறுபடியும் எவரெடி என்றானது. இத்தனை மாற்றத்திலும் ஒன்பதுக்குள் பாயும் பூனை இடத்தை விட்டு நகரவில்லை. கம்பெனியின் பித்தளை டார்ச் ஒன்றின் பெயர் 'ஜீவன் சாத்தி'. வாழ்க்கைத் துணை என்று பொருள். விளம்பரத்துக்காக வைத்த பெயர்தான் என்றாலும் பொய்யில்லை.

வெளிச்சத்தை மட்டும் அளந்தால் அந்தத் துணை பரிதாபமானது. இரண்டு செல் டார்ச்சில் போடும் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு முக்கால் வாட் மின்சாரத்தைத் தின்னும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது பத்து லூமனைத் தொட்டால் பெரிது. குழிந்த ரிஃப்ளெக்டர் அந்தக் கொஞ்சத்தையும் ஒன்றாகத் திரட்டி வீசியதால்தான் தூரத்துப் புளியமரம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் பல்பு இழையின் நிழலும் நெளியும்.

தாமே வெளிச்சம் தரும் டயோடுகள், அதாவது எல்.இ.டி.கள், இந்தக் கணக்கைத் தலைகீழாக்கின. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு கொடுத்து வெள்ளை ஒளியை அதே நிறுவனம் 1996இல் விற்பனைக்கு விட்டது. நீல எல்.இ.டி.க்காக நகமுராவும் இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ இருவரும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று ஒரு வாட்டுக்கு நூறு லூமன் சர்வசாதாரணம். அரை வாட் போதும், பழைய டார்ச்சைப் போல நாலைந்து மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கீழே விழுந்தால் அறுந்துபோக இழை கிடையாது. செல்லும் நீடிக்கும். இந்த அளவில் புதியதைக் குறை சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

சிக்கல் வெளிச்சத்தில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் பெட்டியில்.

பழைய டார்ச்சில் ரகசியமே கிடையாது. தலைப்பகுதியைத் திருகினால் பல்பு, அடிமூடியைத் திருகினால் செல். மூடியின் உள்ளே, ஸ்பிரிங்குக்கு நடுவே, ஒரு உபரி பல்பு உட்கார்ந்திருக்கும். அதை மறந்துவிட்டுக் கடைக்கு ஓடியவர்கள் ஏராளம். ஸ்விட்ச் தகடு கறுத்தால் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பத்து வயதுப் பையன் செய்துவிடும் ரிப்பேர். அதன் பெரிய எதிரி செல்தான். சாதாரண செல்லில் வெளிக்கூடான துத்தநாகமே ஒரு மின்முனையும்கூட. மின்சாரம் கொடுக்கக் கொடுக்கக் கூடு அரிக்கும். ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் உப்புக் குழம்பு கசியும். செல் வீங்கி குழலுக்குள் இறுகிவிட்டால் தரையில் தட்டினாலும் வராது. பல டார்ச்சுகள் செத்தது இப்படித்தான்.

இன்று கிராமத்துச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரகம் வேறு. பிளாஸ்டிக் உடம்பு. அடியில் ஒரு பித்தானைத் தள்ளினால் இரண்டு ஊசிகள் எட்டிப் பார்க்கும். நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டியதுதான். உள்ளே 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. இதைக் காலியான நிலையில் சில வாரம் விட்டுவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து பிறகு சார்ஜே ஏறாது. ஒரு மழைக்காலம் உழைத்து, கோடையில் மூலையில் கிடந்து, அடுத்த மழைக்கு எடுக்கும்போது செத்திருக்கும் டார்ச்சின் கதை இதுதான். செலவைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டை இறக்குகிறார்கள். ஆகவே சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் ஒவ்வொரு கம்பியும் வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கிறது. விரிசல் விட்ட உடம்போடு சுவரில் தொங்கும் டார்ச்சைத் தொடுவது பழைய டார்ச்சில் இல்லாத ஆபத்து.

லித்தியம் பேட்டரி வைத்து, செல்போன் சார்ஜரால் ஏற்றும் டார்ச்சுகள் இதைவிட எவ்வளவோ மேல். பாதுகாப்பானவை, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் இந்த வகையில் புளுகு அதிகம். 18650 என்ற அளவுள்ள நல்ல லித்தியம் செல் சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். தில்லி செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் கொல்கத்தாவின் எஸ்ரா தெருவிலும் மொத்தமாகப் போகும் இந்தச் சரக்குகளில் 9,900 என்று அச்சிட்ட செல்களும் கலந்துவிடுகின்றன. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணும் அதே ரகம்தான்.

சாகும் விதத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பழைய பல்பு சொல்லிக்கொண்டு போகும். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் செம்மஞ்சளாகும். நாளைக்குச் செல் மாற்ற வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அணைத்து வைத்தால் செல் கொஞ்சம் தேறி வீடு வந்து சேரும் வரை ஒளி தரும். செல்லை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு ராத்திரி ஓட்டியவர்களும் உண்டு. பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த லித்தியம் டார்ச் பெரும்பாலும் கடைசி நிமிடம் வரை பளிச்சென்று எரிந்துவிட்டு, பட்டென்று அணையும். நடு வரப்பில் அணைந்தால் அணைந்ததுதான். விலை கூடிய மாடல்களில் சார்ஜ் அளவைக் காட்டும் சிறு விளக்கு உண்டு. அது கட்டாயம் தேவைப்படுபவர் வாங்கும் ரகத்தில் இருப்பது அபூர்வம்.

நிறமும் ஒரு விஷயம். மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கல், சிவப்பு சொற்பம். பழுப்பும் செம்மண்ணும் சாம்பல் பூத்துத் தெரியும். கண்ணாடி விரியனின் நிறமும் பழுப்புதான். மேலே படாமல் நாலைந்து மடங்கு வெளிச்சம் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே விலையில் இதமான நிறத்தில் எல்.இ.டி. கிடைக்கும்போது எல்லாரும் நீலத்தையே போடுவதற்கு ஒரே காரணம், கடையில் வைத்து அடித்துக் காட்டும்போது அது பளபளக்கும் என்பதுதான்.

செல்போனிலேயே விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அது பரந்து விழும் வெளிச்சம். நாலு எட்டுக்குச் சரி, வரப்பின் மறுமுனையைக் காட்டாது. தவிர, ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் பத்தாயிரம் ரூபாய் போனுமாகச் சேற்றில் இறங்க யாருக்கும் மனசு வராது.

பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைப்பதாக 2024 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே, திறக்க முடியாமல் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் டார்ச் விழுந்துகிடக்கிறது. நல்ல எல்.இ.டி., மாற்றக்கூடிய செல், திருகிக் கழற்றும் மூடி. இந்த மூன்றையும் ஒன்றாக வைக்கப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

பழைய டார்ச்சைப் பரணில் போட்டிருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய பல்பின் அதே திருகுமரையில் பொருந்தும் எல்.இ.டி. பல்புகள் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கின்றன. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு செல் டார்ச்சில் செல் புதிதாக இருக்கும்வரை நன்றாக எரிந்து, பாதி சக்தி மிச்சமிருக்கும்போதே மங்கிவிடும். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் உள்ள பல்பைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று செல் டார்ச் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. 4.5 வோல்ட்டுக்கான பல்பு என்று சொல்லி வாங்கினால் போதும்.