பிறேரிப் புல்வெளித் தாவரங்களை இனங்காணல்

வட அமெரிக்காவின் நடுப்பாகத்தே பரந்து கிடந்த புல்வெளியைப் பிறேரி என்பர். மேலோட்டமாக நோக்குவார்க்கு அது ஒரே பசும்பரப்பு. ஊன்றி நோக்குவார்க்கோ நூற்றுக்கணக்கான தாவரங்கள் கூடிவாழும் குடியிருப்பு. 1837ஆம் ஆண்டில் யோன் டியர் என்பார் ஆக்கிய உருக்குக் கலப்பை, வேர் செறிந்த அம்மண்ணை எளிதிற் பிளந்தது, புல்வெளி கழனியாயிற்று. பிறேரி மாநிலம் எனப் பெயர்பெற்ற இலினோயில், பண்டைய வெளியின் ஆயிரத்தில் ஒரு பங்குதானும் இன்று எஞ்சவில்லை. புகையிரதப் பாதையோரங்களும் பழைய இடுகாடுகளும் எஞ்சிய சிலவற்றிற்குப் புகலிடமாயின. ஆதலின், இயற்கைத் தாவரம் எது, வந்தேறி எது எனப் பிரித்தறிதல் அங்கு இன்றியமையாததாகும்.

முதற்கண் புல்லையும் கோரையையும் வேறுபடுத்தல் வேண்டும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்கள் உடையது. இலைகள் இரு வரிசையில் அமையும். கோரையின் தண்டோ பெரும்பாலும் முப்பட்டையானது. இலைகள் மூவரிசையில் அமையும்.

பூக்குங்காலத்திற் புற்களை அறிதல் எளிது. பெருநீலத்தண்டுப் புல்லின் கதிர் வான்கோழியின் கால்போற் பெரும்பாலும் மூன்றாய்ப் பிரியும். இந்தியப் புல்லின் கதிர் பொன்னிறத் தோகை போன்றது. கரும்பும் சோளமும் வெட்டிவேரும் இவ்விரண்டிற்கும் நெருங்கிய உறவினவே. பூவாத காலத்தில் இலைப்பரப்பும் இலையுறையும் கூடுமிடத்தை நோக்குக. அங்கே இரு கூர்முனையுடைய சிறுநா நிமிர்ந்து நிற்பின் இந்தியப் புல். மென்மயிர்க் கற்றை காணப்படின் சுவிச்சுப்புல். ஐரோப்பாவிலிருந்து வந்த புறோம் புல்லின் இலை நடுவே, நான்கு சாய்கோடுகள் கூடினாற்போன்ற தழும்பொன்று தோன்றும்.

பூண்டுகளுள் திசைகாட்டிச் செடி வியத்தற்குரியது. அதன் அடியிலைகள் பெரும்பாலும் தம் விளிம்புகளை வடக்குந் தெற்குமாக நிறுத்தி நிற்கும். வண்ணத்துப்பூச்சிச் செடி எமது எருக்கலையின் குடும்பத்தது, செம்மஞ்சட் பூக்கொத்துடையது. எனினும், அதனைக் கிள்ளினால் எருக்கலையிற் போலப் பால் வடியாது. நிறமொன்றையே நம்புவோர் மயங்குவர் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இலை, தண்டு, சாறு, மயிர் ஆகிய பலவும் ஒருங்கு நோக்கப்படல் வேண்டும்.

விசுகொன்சின் பல்கலைக்கழகத்தினர் 1930களில் மடிசன் நகரில், கைவிடப்பட்ட பண்ணை நிலமொன்றிற் பிறேரியை மீண்டும் உருவாக்கத் தொடங்கினர். இத்தகைய முயற்சியில் விதை சேர்ப்போனும் களை பறிப்போனும் செடியை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் கை, காக்கவேண்டியதைப் பிடுங்கிக் களையை வளர்த்துவிடும். பெயரறிதல் வெறும் ஏட்டுக் கல்வியன்று. பேணுதலின் முதற்படி அதுவே.