உங்கள் மல்டிமீட்டர் சரியாகக் காட்டுகிறதா? பத்து ரெசிஸ்டர்களில் ஒரு சோதனை

சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்திருக்கிறீர்கள். அது காட்டும் வோல்ட் சரிதானா என்று ஏன் பார்க்க வேண்டும்?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 13.6 வோல்ட் சார்ஜ் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டினால், உண்மையில் வைத்தது ஏறத்தாழ 13.9 வோல்ட். பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும்; ஆயுளும் குறையும்.

எப்படிச் சரிபார்ப்பது? வோல்டேஜ் டிவைடர் (மின்னழுத்தப் பகுப்பான்) உதவும். ஒரே அளவுள்ள பத்து ரெசிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 10 வோல்ட் டிசி கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 1 வோல்ட் பிரியும்.

கேலிபரேஷன் (அளவுத்திருத்தம்) கூடங்களிலும் இதே வழிதான். 100, 1000 வோல்ட்டைப் பத்தில், நூறில் ஒரு பங்காக்கி, நம்பகமான 10 வோல்ட்டோடு ஒப்பிடுவார்கள். அதற்கென்றே உள்ள ஃப்ளூக் 752ஏ கருவியில், பத்துக்கு ஒன்று விகிதத்தின் பிழை கோடியில் இரண்டு பங்குதான்.

கடையில் கிடைப்பது 1 சதவீத ரெசிஸ்டர்தானே, அது போதுமா? போதும். 1 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் பத்தை ஒரே பட்டையிலிருந்து வாங்குங்கள். கோத்தபின், ஒவ்வொன்றின் மீதுள்ள வோல்ட்டையும் ஒரே ரேஞ்சில் அளந்து எழுதுங்கள். ஒன்று 0.996 காட்டும், இன்னொன்று 1.003 காட்டும். பத்தின் சராசரி எதுவோ, அதுதான் மொத்தத்தில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. சராசரிக்கு மிக நெருங்கிய ரெசிஸ்டரைக் குறித்து வையுங்கள்.

அளக்கும் மீட்டரே தவறானால்? இந்த இடத்தில் பாதகமில்லை. பத்தையும் ஒரே விகிதத்தில்தான் அது தவறாகக் காட்டும், தேர்வு மாறாது.

இனி மொத்தத்தை 20 வோல்ட் ரேஞ்சிலும், குறித்த ரெசிஸ்டரை 2 வோல்ட் ரேஞ்சிலும் அளங்கள். முதல் அளவு இரண்டாவதைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். மீட்டரின் கையேடு சொல்லும் பிழை வரம்பைத் தாண்டினால், ஏதோ ஒரு ரேஞ்ச் கெட்டிருக்கிறது.

சென்னை வெயிலில் ரெசிஸ்டர் மாறாதா? மாறும். சாதாரண மெட்டல் ஃபிலிம் ரகம், 10 டிகிரி சூடேறினால் 0.1 சதவீதம் வரை நகரலாம். ஒரே பட்டையில் வந்தவை பெரும்பாலும் சேர்ந்தே நகரும். விகிதம் அவ்வளவாகக் கெடாது. 9 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று என்று வாங்காததற்குக் காரணம் இதுவே.

பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் போடலாமா? வேண்டாம். மீட்டரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 1 மெகா ஓம் இரண்டைக் கோத்து 10 வோல்ட் கொடுத்தால், 10 மெகா ஓம் மீட்டர் நடுவில் 5-க்குப் பதில் 4.76 காட்டும்.

இந்தக் கோவையை வீட்டு 230 வோல்ட்டில் ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் அரை வாட்டுக்கு மேல் சூடாகும். கால் வாட் ரகம் கருகிவிடும். உயிருக்கும் ஆபத்து.

இது போதுமா? விகிதத்தை நீங்களே சரிபார்க்கலாம், வோல்ட்டை முடியாது. எல்லா ரேஞ்சும் ஒரே அளவு தவறினால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. அதனால் தொழிலுக்கு உபயோகிக்கும் மீட்டர் ஒன்றையாவது என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் ‘அன்சர்ட்டன்ட்டி’ (அளவின் ஐயவரம்பு) எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அளவுகளின் தொடர்பு புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்றவற்றின் தேசியத் தர அளவு வரை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மீட்டர்களை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.